அறுபது பார்

விசைப்படகின் புரொப்பல்லரில் வலை சுற்றிக்கொண்டால்
காசிமேட்டில் எங்களுக்குத்தான் போன் வரும்.
ஒருவனுக்கு வந்தால் போதும்,
அவன் மற்றவனை எழுப்புவான்.

தண்ணீருக்குள் எத்திராஜ் பெரிய தொல்லை.
அவன் கால்துடுப்பு என் கண்ணாடியில் இடிக்கும்.
அவன் டார்ச்
எனக்கு வேண்டிய இடத்தைத் தவிர எல்லா இடத்திலும் அடிக்கும்.
நான் ஒரு மணி நேரம் ஓட்டுகிற காற்றை
முப்பத்தைந்து நிமிடத்தில் குடித்துவிட்டு
கல்யாணப் பந்தியில் இரண்டாம் பாயசத்துக்குப் பார்ப்பதுபோல்
என் பக்கம் பார்ப்பான்.
நிமிடத்துக்கொரு தரம் தோளைத் தட்டி
கட்டைவிரலையும் சுட்டுவிரலையும் வளைத்துக் காட்டுவான்:
சரியா?
சரி.
சரியா?
சரிடா, ஆள விடு.
இந்தக் கடைசி வாக்கியத்துக்குச் சைகை கிடையாது.

எழுநூறு ரூபாய்க் கணக்கில் பேச்சு நின்ற பத்தாம் நாள்
விடியுமுன் 'தேவமலர்' படகிலிருந்து கூப்பிட்டார்கள்.
நான் யாரையும் எழுப்பவில்லை.

"இன்னொருத்தர் எங்கப்பா?"
"வர்றாரு" என்றேன்,
ரப்பரைப் பல்லில் கவ்வியபடி.
டிரைவருக்குப் பாதிதான் கேட்டிருக்கும்.
பாதிப் பொய்.

உள்ளதைச் சொல்கிறேன், நன்றாக இருந்தது.
ஐந்து மீட்டர்தான். மேலே டீசல் வானவில், கீழே வண்டல்.
முழங்கைக்கு அப்பால் என் கையே தெரியாத கறுப்பு.
ஆனால் அவ்வளவும் எனக்கு.
வாரிய வீட்டில் ஐந்து பேர் படுக்கிற கூடத்தில்
புரண்டு படுக்கக்கூட முறை வைத்திருக்கிறோம்.
இங்கே மூச்சு இழுத்தால் ஒரு சத்தம்
விட்டால் ஒரு சத்தம்
வேறு யாருமில்லை, கேள்வியுமில்லை.
வலையைத் தோசை வார்ப்பதுபோல் நிதானமாக
சுற்றுச் சுற்றாக அறுத்தேன்.

திரும்பும்போது யாரோ முதுகைப் பிடித்து இழுத்தார்கள்.

வந்துட்டான் என்று நினைத்தேன்.
திரும்பாமலே விரல்களை வளைத்துக் காட்டினேன்: சரி.
இன்னொருமுறை இழுப்பு.
இன்னொருமுறை காட்டினேன்.
கறுப்புத் தண்ணீரிடம்
சரி, சரி என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

மீட்டரைக் கண்ணருகே கொண்டுவந்தேன்.
பச்சையாய் ஒளிர்கிற முள், அறுபதில்.
அறுபது பார்.
அது அழுத்தத்தின் கணக்கு, எனக்குத் தெரியும்.
அந்த நேரத்தில் தமிழில்தான் படிக்க வந்தது.
பார்.
பின்னால் பார்.
எப்படிப் பார்ப்பது?
பிறந்ததிலிருந்து சுமக்கிற முதுகை
நான் ஒருநாளும் நேரில் பார்த்ததில்லை.

ஜாக்கெட்டைக் கழற்றி, உருளையோடு நெஞ்சுக்கு முன் கொண்டுவந்து
குழந்தையைக் குளிப்பாட்டுவதுபோல் மடியில் வைத்துத் தடவினேன்.
விறைத்து நின்ற நூல்களையெல்லாம் அறுத்தேன்.
மேலே வந்தபோது இருபத்திரண்டு.
டிரைவர் இரண்டாயிரம் கொடுத்தார். பங்கு பிரிக்கத் தேவையில்லை.
கொருக்குப்பேட்டையில் பிரியாணி வாங்கிப் போனேன்.
நான் சாப்பிடவில்லை என்பதை வீட்டில் ஒருவரும் கவனிக்கவில்லை.

அடுத்த செவ்வாய் எத்திராஜே கூப்பிட்டான்.
எழுநூறு ரூபாயைப் பற்றி அவனும் பேசவில்லை, நானும் பேசவில்லை.
இறங்குமுன் வழக்கம்போல் என் பின்னால் நின்று
வால்வு, குழாய், பட்டை என்று தட்டிக்கொண்டே வந்த கை
ஓரிடத்தில் நின்றது.

முதுகுக் கொக்கிக்கு அடியில்
இரண்டு விரல் நீளத் தங்கூசி, பச்சை நிறம், முடிச்சோடு.

முன்னால் வந்து எனக்குக் காட்டினான்.
என்னைக்கு என்று கேட்கவில்லை.
அதைக் கடலில் எறியாமல்
இடுப்புப் பையில் போட்டு ஜிப்பை இழுத்தான்.

அன்று கீழே அவன் என் தோளைத் தட்டவே இல்லை.
ஒரு நிமிடம். இரண்டு. நான்கு.
நான்தான் தட்டினேன்.
விரல்களை வளைத்துக் காட்டினேன்.
அவன் டார்ச்சைத் திருப்பி
நேராக என் முகத்தில் அடித்தான்.
கண் கூசியது.
அவன் அணைக்கவில்லை, நானும் விலகவில்லை.
புரொப்பல்லர் தன்பாட்டில்
வலையைக் கட்டிக்கொண்டு கிடந்தது.